போரை வரைந்த கையும் நாட்டுப்பற்றும்: பினாங்கில் பிறந்த ஓவியர் நிர்மலா சண்முகலிங்கத்தை முன்வைத்து

1986ஆம் ஆண்டு கோலாலம்பூர்த் தேசியக் கலைக்கூடத்தில் ஒரு கண்காட்சி நடைபெற்றது. பிரித்தானிய ஓவியர்களின் படைப்புகளையும் மலேசிய ஓவியர்களின் படைப்புகளையும் ஒரே கூரையின்கீழ் வைத்துக் காட்டுவது அதன் நோக்கம். ‘அருகருகே’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. அவ்வாறு அருகருகே நின்றிருக்க வேண்டிய ஓவியங்களுள் ஒன்று மட்டும் அகற்றப்பட்டது. அதனைத் தீட்டியவர் 1941ஆம் ஆண்டு பினாங்கில் பிறந்த நிர்மலா சண்முகலிங்கம். ஓவியத்தின் பெயர் ‘ஃப்ரெண்ட்ஸ் இன் நீட்’. ‘இடுக்கண் வேளை நண்பர்கள்’ என்று அதனைத் தமிழில் சொல்லலாம்.

நட்பைப் பாராட்டும் பெயரைத் தாங்கிய ஓர் ஓவியம், இரு நாடுகளின் நட்பைக் கொண்டாடும் கண்காட்சியில் ஏன் இடம் பெறலாகாது? இக்கேள்வியிலிருந்தே இவ்வுரையைத் தொடங்குகிறோம். போரைப் பற்றிய ஓவியம் ஒன்று நாட்டுப்பற்றின்மீது எழுப்பும் ஐயம் எத்தகையது, அவ்வையத்தை நம் பாகான் டாலாம் மண்ணிலிருந்து எவ்வாறு நோக்கலாம் என்பதே இங்கு நாம் ஆராய முற்படுவது.

முதலில் அந்த ஆண்டின் நிகழ்ச்சியை நினைவுகூர வேண்டும். 1986 ஏப்ரல் 5ஆம் நாள் மேற்குப் பெர்லினில் அமெரிக்கப் படைவீரர்கள் கூடும் நடன விடுதியொன்றில் குண்டு வெடித்தது. அதற்கு லிபியாவே பொறுப்பென்று கூறிய அமெரிக்க அதிபர் ரீகன், ஏப்ரல் 15ஆம் நாள் அதிகாலையில் திரிப்போலி, பெங்காசி ஆகிய நகரங்களின்மீது வான்தாக்குதல் நடத்தச் செய்தார். தாக்கச் சென்ற விமானங்களுள் ஒரு பகுதி அமெரிக்கக் கப்பல்களிலிருந்து எழுந்தது. மற்றொரு பகுதி இங்கிலாந்திலுள்ள தளங்களிலிருந்து எழுந்தது. அதற்கு இசைவு அளித்தவர் பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சர். பிரான்சும் ஸ்பெயினும் தங்கள் வான்வெளியைத் திறக்க மறுத்தமையால் அவ்விமானங்கள் அட்லாண்டிக் கடல்வழியே சுற்றிச் சென்று, ஜிப்ரால்டரைக் கடந்து, இரவெல்லாம் பறந்து இலக்கை அடைந்தன. குறி தவறிய குண்டுகள் குடியிருப்புகளில் விழுந்தன. திரிப்போலியிலிருந்த பிரெஞ்சுத் தூதரகமும் சேதமுற்றது. மாண்டவர்களுள் போருக்கும் தங்களுக்கும் எத்தொடர்பும் இல்லாத பொதுமக்கள் பலர்.

அவ்வோவியத்தில் ரீகனும் தாட்சரும் நிழற்பாவைகளாக நிற்கின்றனர். கிளந்தான் மாநிலத்து வாயாங் கூலிட் கூத்தில் வரும் தோற்பாவைகளின் தோற்றத்தை அவ்விருவருக்கும் ஓவியர் அளித்திருக்கிறார். ‘இடுக்கண் வேளை நண்பர்கள்’ என்னும் தலைப்பின் கூர்மை இங்கேதான் வெளிப்படுகிறது. திருக்குறளின் நட்பு அதிகாரத்தைப் பயின்ற நமக்கு, நண்பனின் இடுக்கண் களைய விரைவதே நட்பு என்பது தெரியும். ஆனால் ஒரு நண்பனின் சினத்துக்கு இன்னொரு நண்பன் தன் முற்றத்தைத் திறந்துவிட, அவ்வழியே சென்ற தீ மூன்றாமவன் வீட்டை எரிக்குமானால், அந்த நட்புக்கு என்ன பெயர் இடுவது?

நிழற்பாவைக் கூத்தை நேரில் கண்டறியாத மாணவர்கள் இருக்கக்கூடும் என்பதால் சற்று விரித்துரைக்கிறோம். வெள்ளைத் திரை ஒன்று கட்டப்பட்டிருக்கும். அதன் பின்னால் விளக்கு. விளக்குக்கும் திரைக்கும் இடையே தாலாங் எனப்படும் கூத்தர் அமர்ந்து, தோலில் வெட்டிய பாவைகளைத் திரையோடு சேர்த்துப் பிடித்து ஆட்டுவார். அரசனுக்கும் அரக்கனுக்கும் அரசிக்கும் கோமாளிக்கும் அவர் ஒருவரே குரல் கொடுப்பார். கிளந்தான் கூத்தின் முதன்மைக் கதை இராமாயணமே. நம் தமிழகத்துத் தோற்பாவைக் கூத்தும் இராமாயணத்தையே பெரிதும் ஆடியது. ஆகவே இக்கலை நமக்கு அயலானதன்று, ஒன்றுவிட்ட உறவுதான்.

அக்கூத்தில் போர் உண்டு, அம்பு பறக்கும், அரக்கர் வீழ்வர். ஆனால் வீழும் பாவை மறுநாள் இரவு மீண்டும் எழுந்து ஆடும். தோலுக்குக் குருதி இல்லை. உலகத் தலைவர்களைப் பாவைகளாக்கிய நிர்மலாவின் கற்பனை இந்த இடத்தில்தான் நம்மை நிறுத்துகிறது என்பது எங்கள் துணிபு. போரை ஏவுவோர் பாவைகளைப்போல ஒவ்வோர் இரவும் எழுந்து பேசுகின்றனர். போரில் வீழ்வோர் எழுவதில்லை. மேலும், பாவை தானாக ஆடுவதில்லை. ஆட்டுவிக்கும் கை எது என்ற வினா, திரைக்கு முன்னால் அமர்ந்திருக்கும் எவர்க்கும் எழாமல் இராது.

நிர்மலா இவ்வழிக்குத் திடீரென வந்தவரல்லர். வாஷிங்டனிலும் ஆக்ஸ்போர்டிலும் ஓவியம் பயின்றவர். 1970களிலேயே சுற்றுச்சூழல் சீர்கேட்டைப் படைப்பின் பொருளாக்கியவர். செய்தித்தாளில் வெளிவரும் நிழற்படங்களை எடுத்து ஓவியத்துக்குள் வைப்பது அவர் கைக்கொண்ட முறை. 1981இல் ‘வியட்நாம்’ என்னும் படைப்பைத் தந்தார். பின்னர் பெய்ரூட், ஆப்பிரிக்கப் பஞ்சம், போஸ்னியா என்று அவருடைய தூரிகை துயரம் நிகழ்ந்த இடங்களையெல்லாம் தேடிச் சென்றது. 2016இல் அவர் மறைந்தார். மலை, கடல், படகு, தென்னை என்று அழகை வரைவதில் கைதேர்ந்த பினாங்கு ஓவிய மரபில் பிறந்த ஒருவர், நாளிதழின் கறுப்பு வெள்ளைப் படத்தை ஓவியத்துக்கு உரிய பொருளாகக் கொண்டது சிறு செய்தியன்று. காலையில் வாசித்து மாலையில் பொட்டலம் கட்டும் தாளில் இருந்த முகத்தை, கலைக்கூடச் சுவரில் நிலைநிறுத்துவது அது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வியட்நாமும் லிபியாவும் தொலைவில் உள்ளவை. மலேசியக் குடிமகள் ஒருவர்க்கு அவற்றோடு என்ன வழக்கு? இவ்வையத்துக்கு விடை தேட வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. பாகான் டாலாமிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவு சென்றால் போதும்.

பட்டர்வொர்த் வான்படைத் தளம் நம்மவர் பலர்க்கு அன்றாடக் காட்சி. 1958 முதல் 1988 வரை முப்பதாண்டுகள் அது ஆஸ்திரேலிய வான்படையின் பொறுப்பில் இருந்தது. அங்கு நிலைகொண்டிருந்த ஆஸ்திரேலிய இரண்டாம் படைப்பிரிவின் கான்பரா குண்டுவீச்சு விமானங்கள் 1967 ஏப்ரலில் இங்கிருந்து தென் வியட்நாமின் பான் ராங் தளத்துக்குச் சென்றன; 1971 வரை அங்கே குண்டு பொழிந்தன. பாகான் மக்கள் தலைக்கு மேல் பறக்கக் கண்ட விமானங்களே வியட்நாமியச் சிற்றூர்களின் வானத்திலும் பறந்தன. ஓவியரைக் குறை கூறுவோர் சொல்லும் அந்தத் ‘தொலைவு’ ஒரு விமானத்துக்குச் சில மணிநேரப் பயணம். இங்கிலாந்தின் தளங்களிலிருந்து 1986இல் எழுந்த விமானங்களைப் பற்றி எண்ணும்போது, இரவலாகக் கொடுக்கப்பட்ட ஓடுபாதை எத்தகைய பொறுப்பைத் தாங்குகிறது என்பதை நம்மூர்க்காரர்களைவிட நன்கு உணரக்கூடியவர் யார்?

இன்னும் பின்னோக்கிச் செல்வோம். நிர்மலா பிறந்த அதே 1941ஆம் ஆண்டின் டிசம்பரில் பினாங்கு தானே குண்டுக்கு இலக்கானது. டிசம்பர் 11ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுனின்மீது குண்டு வீசின. விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்து நின்ற மக்கள் அங்கேயே மடிந்தனர். பதுங்கவேண்டும் என்பதைக்கூட அறியாத ஊர் அது. போர் என்பது எங்கோ ஐரோப்பாவில் நடப்பது என்று அவர்களும் எண்ணியிருந்தனர்.

அதன் பின்வந்த மூன்றரை ஆண்டுகளில் மலாயாத் தமிழர் வாழ்வு இரு வேறு திசைகளில் இழுக்கப்பட்டது. ஒரு திசை நாட்டுப்பற்று. மற்றொரு திசை சயாம்.

நாட்டுப்பற்றை நாம் எளிதாகப் பேசிக் கடக்கலாகாது. அது இம்மண்ணில் மெய்யாகவே எரிந்த நெருப்பு. பினாங்கில் இந்திய சுவராஜ் பயிற்சிக்கூடம் நடந்தது. அங்குப் பயின்று நீர்மூழ்கிக் கப்பலில் இந்தியக் கரைக்கு அனுப்பப்பட்ட இளைஞர்களுள் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10ஆம் நாள் சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். அதே ஆண்டு சூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்தடைந்தபின், பால்மரத் தோட்டங்களிலிருந்து ஆண்களும் பெண்களும் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். ஜான்சி ராணிப் படைக்கு வந்த இளம்பெண்களுள் இந்தியாவைக் கண்ணால் காணாதவர்களும் இருந்தனர். காணாத நாட்டுக்காகக் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தவர்களை ஏமாளிகள் என்று சொல்ல நமக்கு நா எழாது. கூலி என்ற சொல்லையே பெயராகக் கேட்டுப் பழகியவர்களுக்கு அப்படை முதன்முறையாக நிமிர்ந்து நிற்கும் உரிமையைத் தந்தது. இதனை ஒப்புக்கொள்ளாத வரலாறு நேர்மையான வரலாறாகாது.

மற்றொரு திசையை நோக்குவோம். தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் இருப்புப்பாதையின் பணி 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட போர்க்கைதிகள் அங்கு உழைத்தனர். பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களைவிடப் பன்மடங்கினராய் ஆசியத் தொழிலாளர் கொண்டுசெல்லப்பட்டனர். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். அவர்களுள் பெரும்பகுதியினர் தோட்டத்துத் தமிழர். வாந்திபேதியும் முறைக்காய்ச்சலும் பசியும் அவர்களைக் குடும்பம் குடும்பமாக அள்ளிச் சென்றன. ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறும் மதிப்பீடு. தலையை எண்ணி எழுதிவைத்தவர் இல்லாமையால் அது மதிப்பீடாகவே நிற்கிறது. சயாமுக்கு இழுத்துச் செல்லப்படாமல் தப்புவதற்காகவே இந்திய தேசிய இராணுவத்தில் பெயர் கொடுத்த இளைஞர்களும் இருந்தனர். நாட்டுப்பற்றும் உயிரச்சமும் ஒரே வரிசையில் நின்று கையொப்பமிட்ட காலம் அது.

காஞ்சனபுரியிலுள்ள நேசநாட்டுப் போர்க் கல்லறைத் தோட்டத்தில் 6,982 கல்லறைகள் உள்ளன. புல் வெட்டப்பட்டு, பெயர் பொறிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஒரு மனிதனாக அறியப்படும் வகையில் அவை பேணப்படுகின்றன. நம்மவர்க்கு அத்தகைய தோட்டம் இல்லை.

ஓவியத்திலும் இதே நிலைதான். போர்க்கைதிகளுள் ஓவியர்கள் இருந்தனர். சிங்கப்பூரில் சிறைப்பட்டு இருப்புப்பாதைப் பணிக்கு அனுப்பப்பட்ட ரொனால்ட் சியர்ல் என்னும் ஆங்கிலேயர், கிடைத்த தாளிலெல்லாம் வரைந்து, காவலர் நெருங்க அஞ்சும் வாந்திபேதி நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் அவற்றை ஒளித்துக் காத்தார். அவருடைய சித்திரங்கள் இன்று இலண்டன் பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஜாக் சாக்கர் என்பவரும் அவ்வாறே நோயையும் பிணியாளரையும் வரைந்தார். தோட்டத் தொழிலாளிக்குத் தாள் ஏது, தூரிகை ஏது? தமிழில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள் பிற்காலத்தில் அக்கடனை ஓரளவு தீர்த்தன. எழுத்தால் தீர்ந்த அளவுக்குக்கூட வண்ணத்தால் தீரவில்லை என்பதே எங்கள் கருத்து. தலைவரின் சீருடைப் படம் நம் இல்லங்களின் சுவரில் தொங்கியது. சயாமில் மாண்ட பாட்டனுக்குச் சுவரில் ஒரு படமும் இல்லை.

நாட்டுப்பற்று யாருடைய முகத்தை நினைவில் வைக்கிறது, யாருடைய முகத்தை விட்டுவிடுகிறது என்ற கேள்வி இங்கிருந்து எழுகிறது. நிர்மலா நாளிதழிலிருந்து பெயரறியா முகங்களை எடுத்து ஓவியத்தில் வைத்ததை இந்தப் பின்னணியில் காணும்போதுதான் அதன் எடை நமக்குப் புலனாகிறது. போர்ச்செய்தியில் தலைவர்க்குப் பெயர் உண்டு. படைக்கு எண் உண்டு. மாண்ட பெண்ணுக்கும் குழந்தைக்கும் இரண்டும் இல்லை.

தமிழாசிரியர்களிடம் பேசும்போது புறநானூற்றைத் தொடாமல் செல்வது முறையன்று. ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாடலை மாணவர் பலர் அறிவர். தமையனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் இழந்த பெண், மீண்டும் போர்ப்பறை கேட்ட அன்று, தன் ஒரே மகனுக்குத் தலைவாரி, வேலைக் கையில் கொடுத்துக் களம் அனுப்புகிறாள். மூதின்முல்லை என்று துறை வகுத்தனர். நாம் அதனை வகுப்பில் வீரத்தின் உச்சமாகவே கற்பிக்கிறோம். ஆனால் மகனை அனுப்பிய மறுநாள் அத்தாய் என்ன செய்தாள் என்று எந்த மாணவராவது கேட்டதுண்டா? புலவர் அங்கே நிறுத்திக்கொண்டார். அப்பெண்ணின் துணிவைக் கண்டு வியப்பதோடு அச்சமும் தோன்றும்படியே பாடல் அமைந்திருக்கிறது என்பது எங்கள் வாசிப்பு. வியப்பை மட்டும் எடுத்துக்கொண்டு அச்சத்தைப் பாடநூலுக்கு வெளியே விட்டவர்கள் நாம்.

அம்மறுநாளை வாழ்ந்து காட்டிய தாய் ஒருத்தி ஜெர்மனியில் இருந்தாள். கேத்தே கோல்விட்ஸ் என்னும் ஓவியர். 1914இல் முதல் உலகப் போர் மூண்டபோது அவருடைய இளைய மகன் பீட்டருக்கு வயது பதினெட்டு. உரிய வயது நிரம்பாதவன் படையில் சேரத் தந்தையின் இசைவு தேவை. தந்தை தயங்கினார். மகனுக்காகக் கணவரிடம் பேசி இசைவு பெற்றுத் தந்தவர் தாயே. அக்டோபரில் மகன் பெல்ஜிய மண்ணில் மாண்டான். அவனுக்கு ஒரு நினைவுச்சின்னம் செய்யத் தொடங்கிய கோல்விட்ஸ் அதனை 1932இல்தான் நிறைவு செய்தார். இடையில் செய்தவற்றைக் கலைத்தார், கைவிட்டார், மீண்டும் தொடங்கினார். முதலில் மகனின் உருவத்தையே வடிக்க எண்ணியவர், இறுதியில் மகனை விட்டுவிட்டு, மண்டியிட்டு நிற்கும் பெற்றோர் இருவரை மட்டும் கல்லில் நிறுத்தினார். கல்லறைத் தோட்டத்தில் அவ்விருவரும் தங்கள் மகனுக்கு மட்டுமன்றி அங்கே கிடக்கும் எல்லா இளைஞர்க்கும் முன்னால் மண்டியிட்டிருக்கின்றனர். பதினெட்டு வயதில் இழந்த மகனுக்குப் பதினெட்டு ஆண்டுகள். இடைக்காலத்தில் அவர் வெளியிட்ட ‘போர்’ என்னும் மரச்செதுக்கு அச்சுத் தொகுதியில் ‘தன்னார்வத் தொண்டர்கள்’ என ஒரு படம் உண்டு. அதில் இளைஞர்கள் மெய்மறந்து முன்னேறுகின்றனர். அவர்களுக்கு முன்னே பறை முழக்கிச் செல்வது சாவு. ஒக்கூர் மாசாத்தியாரின் பாடலிலும் பறை ஒலிக்கிறது என்பதை இங்கு இணைத்துப் பார்க்கலாம். இரண்டையும் ஒரே பாடவேளையில் மாணவர் முன் வைக்கும் ஆசிரியர், நெடிய விரிவுரை எதுவும் ஆற்ற வேண்டியதில்லை.

நம் மரபு பறையை மட்டும் பாடிற்று என்றும் சொல்வதற்கில்லை. உறையூரில் சோழர் குடியினர் இருவருள் ஒருவர் மற்றவரை முற்றுகையிட்டு நின்றபோது, வென்றாலும் தோற்றாலும் இழப்பு உங்கள் குடிக்கே என்று இருவர் முகத்துக்கும் நேரே எடுத்துரைத்தவர் கோவூர்கிழார். யானைக்காலில் இடப்படவிருந்த மலையமானின் சிறுவர்களைக் காக்க அரசன்முன் நின்றவரும் அவரே. அவரை எவரும் நாட்டுப்பற்று அற்றவர் என்று சொன்னதாகச் செய்தி இல்லை.

ஓவியர்களுக்கு அந்த நற்பேறு வாய்ப்பதில்லை. உருசிய ஓவியர் வெரெஷ்சாகின் படையோடு சென்று நடு ஆசியப் போர்களைக் கண்ணாரக் கண்டவர். களத்தில் கைவிடப்பட்டுக் காக்கைகள் சூழக் கிடக்கும் உருசியப் போர்வீரன் ஒருவனை வரைந்தார். தம் படையினர் வீழ்ந்தவனை விட்டுச் செல்பவரல்லர், இது படைக்கு இழுக்கு என்று தளபதி சீறினார். மனம் நொந்த ஓவியர் 1874இல் அந்த ஓவியத்தையும் வேறு இரண்டையும் தம் கையாலேயே எரித்துவிட்டார். மண்டையோடுகளைக் கூம்பாகக் குவித்து அவர் வரைந்த ‘போரின் மகிமை’ தப்பியது. இறந்த, இருக்கும், இனிவரும் எல்லா வெற்றிவீரர்களுக்கும் அதனைக் காணிக்கையாக்குவதாகச் சட்டத்தில் பொறித்தார். பின்னர் இந்தியாவுக்கும் வந்தார். சிப்பாய்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடித்த ஆங்கிலேயர் கொடுமையையும் தீட்டினார். தன் நாட்டுப் படையின் குறையை வரைந்தபோது துரோகி. பிற நாட்டுப் படையின் குறையை வரைந்தபோது நடுநிலையாளர். நாட்டுப்பற்றின் தராசு இவ்வாறுதான் நிறுக்கிறது.

உலகம் அறிந்த ‘குவெர்னிகா’வும் இவ்வகை வழக்கிலிருந்து தப்பவில்லை. 1937 ஏப்ரல் 26ஆம் நாள் ஸ்பெயினின் பாஸ்க் நகரமான குவெர்னிகாவை ஜெர்மானிய விமானங்கள் எரித்தன. அவ்வாண்டுப் பாரிஸ் பொருட்காட்சியின் ஸ்பானிய அரங்குக்காகப் பிக்காசோ அதனை வரைந்தார். ஏழே முக்கால் மீட்டர் அகலம், ஏறத்தாழ மூன்றரை மீட்டர் உயரம். விமானம் அதில் இல்லை. கொடி இல்லை. எந்த நாட்டுப் படையும் இல்லை. இறந்த குழந்தையை ஏந்தி அலறும் தாயும், கதறும் குதிரையும், முறிந்த வாளுடன் கிடக்கும் மனிதனும் இருக்கின்றனர். ஐக்கிய நாடுகள் அவையின் பாதுகாப்பு மன்ற வாயிலில் அதன் நெசவுப் படி ஒன்று தொங்கியது. 2003 பிப்ரவரி 5ஆம் நாள், ஈராக்கின்மீது படையெடுக்கக் காரணம் காட்டிப் பேச அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அங்கு வந்தபோது, அந்நெசவு நீலத் திரையால் மூடப்பட்டிருந்தது. தொலைக்காட்சிப் படப்பிடிப்புக்கு வசதியாக மூடினோம் என்பது சொல்லப்பட்ட விளக்கம். அறுபத்தாறு ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட படம் அன்றும் ஒருவர்க்கு இடையூறாக இருந்தது என்பதில் பிக்காசோ மகிழ்ந்திருப்பார் என்றே தோன்றுகிறது.

கோலாலம்பூரில் அகற்றப்பட்ட ஓவியத்தையும் நியூயார்க்கில் மூடப்பட்ட நெசவையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஒன்று விளங்கும். இரண்டு இடத்திலும் எவரும் ஓவியத்தின் கூற்று பொய் என்று மறுக்கவில்லை. விருந்தினர் முகம் சுளிக்கலாகாது என்பதே கவலை. பண்பாடு என்ற பெயரால் நாம் காக்கும் இந்த இன்முகம், வேறெங்கோ ஒருவரின் அழுமுகத்தை மறைக்கும் திரையாகிவிடுகிறது. நிர்மலாவை எதிர்த்தவர்களின் பக்கத்தில் ஒரு நியாயம் உண்டென்பதையும் மறைக்க வேண்டாம். நட்பு நாட்டோடு சேர்ந்து நடத்தும் விழாவில் அந்நாட்டுப் பிரதமரைப் பாவையாக்கிக் காட்டுவது அரசுமுறைக்கு ஏற்றதன்றுதான். ஆனால் கலைக்கூடம் தூதரகமன்று. அங்கே ஓவியரே விருந்தளிப்பவர்.

நம் பள்ளிகளில் ஆகஸ்டு மாதம் வந்தால் நாட்டுப்பற்று ஓவியப் போட்டி நடக்கும். கொடி, இரட்டைக் கோபுரம், கைகோத்து நிற்கும் பல இனச் சிறுவர்கள் எனப் படங்கள் சுவரை நிறைக்கும். அவற்றைக் குறை கூற மாட்டோம். ஒற்றுமை வரையத்தக்கதே. எனினும் அச்சிறுவர்களுள் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டியிடம் கேட்டறிந்து, சயாமுக்குச் செல்லும் சரக்கு வண்டியில் ஏறும் தோட்டத்துக் குடும்பம் ஒன்றை வரைந்து கொண்டுவந்தால், நடுவர்களாகிய நாம் அதனை எந்தத் தலைப்பின்கீழ் வைப்போம்?

வரையப்படாத காட்சி இன்னொன்றும் நம் கண்ணெதிரே, நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது. 1941 டிசம்பர் நடுவில் ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாகப் பினாங்கை விட்டு வெளியேறினர். ஆசிய மக்களுக்குச் சொல்லவுமில்லை. கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பேரரசுக் கொடியை இறக்கவுமில்லை. கொடி பறந்தமையால் ஜப்பானியரின் குண்டுவீச்சும் ஓயவில்லை. அப்போது ‘ஸ்ட்ரெயிட்ஸ் எக்கோ’ நாளிதழின் ஆசிரியராக இருந்தவர் எம். சரவணமுத்து; இலங்கைத் தமிழர். ஆளுநரும் படையும் இல்லாத ஊரில் அவர் கோட்டைக்குச் சென்று அக்கொடியை இறக்கி, வெள்ளைக் கொடியை ஏற்றினார். ஊரில் ஆங்கிலப் படை இல்லை என்னும் செய்தி வானொலி வழியாகவும் அறிவிக்கப்பட்டது. டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் நகருக்குள் வந்தனர். பேரரசின் கணக்கில் கொடியை இறக்குவது எவ்வகைச் செயல் என்பதை ஓர் ஆங்கில நாளிதழின் ஆசிரியர் அறியாதிருக்க மாட்டார். தெருக்களில் பிணங்கள் இன்னும் அகற்றப்படாமல் கிடந்த நாள்கள் அவை. படகேறினால் சிறிது நேரத்தில் நாம் அடையக்கூடிய அக்கோட்டையின் கொடிமரத்தடியில் அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.